சீப்புக்கு விழாத ஓட்டு

கல்யாண வீட்டுக்கான்னா கேட்டிய? ஆமா, சரிகை வேட்டியும் தலையில கெட்டுன புதுத் துண்டுமா ஒருத்தன் காலங்காத்தால பஸ்ஸுல வந்து ஏறுனா யாருக்கும் அப்படித்தான் தோணும். கல்யாணத்துக்குத்தான் அண்ணாச்சி கெளம்புனேன். எங்கூடப் பொறந்த அக்கா மக கல்யாணம். நான் தாய்மாமன், அதுவும் ஒரே மாமன். அத்தான் செத்துப் போயிட்டாவ, அதனால தகப்பன் எடத்துல நின்னு தாரை வார்த்துக் குடுக்க வேண்டியவனும் நான்தான். ஆனா பாத்துக்கிடுங்க, கல்யாணம் நடக்கது வடக்க, எங்க ஊரு மண்டபத்துல. நான் போறது தெக்க. கண்டக்டர் எங்கன்னு கேட்டான், கடைசி ஸ்டாப்புன்னு சொல்லி டிக்கெட் எடுத்துட்டேன். அங்க எனக்கு ஒரு சோலியும் கெடையாது.

கோட்டிக்காரன்னு நெனைக்காதிய. சொல்லுதேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சது சரியா தப்பான்னு. சரின்னுதான் சொல்லுவிய. இதுவரைக்கும் கேட்ட எல்லாரும் அப்படித்தான் சொன்னாவ. சொல்லாதவங்ககிட்ட நான் பேசுறது இல்ல.

எம்பேரு பலவேசம். சேந்தநேரியில வாழைக்காய் மண்டி வச்சிருக்கேன். ஆத்துத் தண்ணியில வெளையுத தாரு பூராவும் எங்க மண்டிக்கு வந்துட்டுத்தான் வெளிய போவும். போன பஞ்சாயத்து எலெக்சன்ல நான் பிரசிடெண்டுக்கு நின்னேன். தோத்துட்டேன். எத்தன ஓட்டுலன்னு கேளுங்க. நாலு. நாலாயிரம் இல்ல, நானூறு இல்ல. நாலே நாலு.

நானூறுல தோத்தா மனுசன் தூங்கிருவான் அண்ணாச்சி. ஊரு நம்மள வேண்டாங்குதுன்னு ஒரு நாளு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு, மறுநாள் கடையத் தொறந்துருவான். நாலுல தோத்தவனுக்கு அது முடியாது. ஏன்னா நானூறுங்கது ஊரு. நாலுங்கது ஆளு. அந்த நாலுக்கும் மூஞ்சி உண்டு, பேரு உண்டு, வீடு வாசல் உண்டு. டீக்கடையில நாலு பேரு நின்னு சிரிச்சா, இவனுவளா இருக்குமோன்னு வரும். கோயில்ல நாலு பொம்பளைய பேசிக்கிட்டிருந்தா, இவளுவளா இருக்குமோன்னு வரும். ராத்திரி படுத்தா ஒவ்வொரு மூஞ்சியா வந்து நிக்கும். நான் தூங்கி எத்தன மாசம் ஆச்சுங்கிய!

சரி, மொதல்ல இருந்து வாரேன்.

எனக்கு எதுத்து நின்னவன் கொம்பையா. உரக்கடை வச்சிருக்கான். மூணாவதா ஒருத்தன் நின்னான், அவன் சும்மா. ஓட்டப் பிரிக்கதுக்கு யாரோ நிறுத்துன ஆளு. யாரு நிறுத்துனாவன்னு எனக்குத் தெரியும், அது இப்பம் வேண்டாம். பிரசிடெண்டு எலெக்சனுக்குக் கட்சிச் சின்னம் கெடையாதுல்லா, ஆபீஸ்ல இருந்து ஆளுக்கு ஒரு சின்னம் தருவாவ. கொம்பையாவுக்குப் பழக்கூடை குடுத்தாவ. எனக்கு என்ன குடுத்தாவ தெரியுமா? சீப்பு.

இந்தா, துண்ட எடுக்கேன், எந் தலையப் பாருங்க. சிரிக்காதிய. சரி, சிரிச்சுக்கிடுங்க, எல்லாரும்தான் சிரிச்சாவ. எங் கல்யாணத்துக்கு முந்தியே போயிட்டுது முடி. பேருக்கு ஒண்ணு கெடையாது. இந்தத் தலைக்குச் சீப்பச் சின்னமாக் குடுத்தா அது தற்செயலுங்கியளா? நான் நம்ப மாட்டேன். அங்கேயே எவனோ வேலை பாத்திருக்கான்.

மொத நாள் பிரச்சாரத்துக்குப் பலகையில பெரிய சீப்பு ஒண்ணு வெட்டி, பெயிண்ட் அடிச்சு, தூக்கிக்கிட்டு தெக்குத் தெருவுக்குள்ள போறேன். பொம்பளைய முந்தானைய வாயில வச்சுக்கிட்டு சிரிக்காவ. ஒரு பய, என்னையச் சித்தப்பான்னு மொறை கொண்டாடுதவன், "சித்தப்பா, ஓட்டு இருக்கட்டும், சீப்ப வச்சு நீங்க என்ன செய்வியன்னு மொதல்ல சொல்லுங்க"ங்கான். தெருவே சிரிச்சுது. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. திரும்பி வரும்போது அந்தப் பலகையத் தூக்கிக் கால்வாய்ல எறிஞ்சேன். அதுக்குப் பெறகு எலெக்சன் முடியுத வரைக்கும் எங்கையில சீப்ப எவனும் பாத்திருக்க மாட்டான். நோட்டீஸ்லகூட தலப்பாக் கட்டுன எம்படத்தப் பெருசாப் போட்டு, சீப்ப ஒரு மூலையில பேன் அளவுக்குத்தான் போடச் சொன்னேன்.

ஆனா சின்னத்தச் சொல்லாம ஓட்டுக் கேக்க முடியுமா? யோசிச்சேன். மண்டியில உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன், எதுக்க கோழிக்கூடு வாழத்தாரு வரிசையாத் தொங்குது. பொறி தட்டுச்சு பாருங்க. சீப்புன்னா தலையச் சீவுதது மட்டுந்தானா? வாழைக்காய்க்காரன் ஊர்ல எது சீப்பு? சின்னப் புள்ளையக் கூப்புட்டு சீப்பு எடுத்துட்டு வான்னா அது எத எடுத்துட்டு வரும்? பழத்தத்தானே! தாரு தாராப் பழுக்க வச்சேன். சீப்புச் சீப்பா வெட்டுனேன். வீட்டுக்கு ஒரு சீப்பு. இந்த மூள எவனுக்கு அண்ணாச்சி வரும்?

எங்க வடக்குத் தெருவுல இருந்துதான் ஆரம்பிச்சேன். பூராவும் சொந்தபந்தம். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, பழத்த நானே கையில குடுத்து, "ஆத்தா, இதுதான் நம்ம சின்னம். நல்லாப் பாத்துக்கிடுங்க. உள்ள போனதும் கடுதாசியில இது எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபுடிச்சு, இது மேலயே குத்திருங்க"ன்னு சொன்னேன். ஒரு வீடு விடல. யாரும் என் தலையப் பாக்கல, பழத்தத்தான் பாத்தாவ. எனக்கு அம்புட்டுச் சந்தோசம்.

அடுத்த தெருவுக்கும் குடுக்கணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள எவனோ போன் போட்டுட்டான், பறக்கும் படை ஜீப்பு வந்து நின்னுட்டு. ஓட்டுக்குப் பழம் குடுக்கக் கூடாதுன்னுட்டாவ. எவன் போன் போட்டதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கொம்பையாவா இருக்காது, ஏன்னா அவன் நான் பழம் குடுக்கதப் பாத்துக்கிட்டு ரோட்டுல நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தான். "குடுங்க அண்ணாச்சி, நல்லாக் குடுங்க, ஒரு வீட்ட விடாதிய"ன்னான். எங்கிட்டத் தோக்கப் போறவன் எதுக்கு அண்ணாச்சி சிரிக்கணும்? அப்பவே எனக்கு நெஞ்சுல ஒரு முள்ளு. உள்ளுக்குள்ள ஆளப் புடிச்சிட்டான், எங்க கோட்டைக்குள்ளயே கை வச்சிட்டான்னு தோணிச்சு.

ஓட்டன்னைக்கு நான் ஸ்கூலுக்கு வெளிய நிக்கேன். எங்க தெருப் பொம்பளைய உள்ள போயிட்டு வெளிய வந்து, மையி வச்ச வெரல ஆட்டி ஆட்டிக் காட்டுதாவ. "பலவேசம், குத்தியாச்சுய்யா, பழத்து மேலயே குத்தியாச்சு"ங்காவ. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. நான் குடுத்த பழத்த மறக்காம இருக்காவளேன்னு.

எண்ணுத அன்னைக்கு ஒவ்வொரு வார்டாப் பிரிச்சாவ. தெக்குத் தெரு, அங்க என்னையக் கேலி பண்ணுனவனுவ, அங்க நான் முன்னால. கீழத் தெரு, நான் போகவே இல்ல, அங்கயும் முன்னால. காலனி, அங்கயும் பரவாயில்ல. மாலைகூட வாங்கியாந்துட்டான் எங்க மச்சினன். கடைசியா எங்க வடக்குத் தெரு ஓட்டு. இனி என்ன இருக்கு, நம்ம தெருதானேன்னு நான் வெளிய வந்து சோடா குடிச்சேன். திரும்பி உள்ள போறேன், பழக்கூடைக் கட்டு ஒசந்துக்கிட்டே போவுது. எடுக்காவ, பழக்கூடை. எடுக்காவ, பழக்கூடை. நடுவுல ஒண்ணு ரெண்டு சீப்பு. முடிச்சுக் கூட்டிப் பாத்தா நாலு ஓட்டுல கொம்பையா. மறுபடியும் எண்ணுங்கன்னு சண்டை போட்டேன். எண்ணுனாவ. அதே நாலு.

பழம் தின்னாத தெருவெல்லாம் எனக்குப் போட்டிருக்கு அண்ணாச்சி. பழம் தின்ன தெரு கவுத்துட்டு. நன்றி கெட்ட சனம்னு கேள்விப்பட்டிருக்கேன், கண்ணால அன்னைக்குத்தான் பாத்தேன்.

அதுல பாதிப் பேர நான் மன்னிச்சிருவேன். தெருவுல கொஞ்சம் ஓட்டு அங்கிட்டு இங்கிட்டுப் போவும், அது எல்லா எலெக்சன்லயும் உள்ளதுதான். எனக்கு வேண்டியது அந்தக் கடைசி நாலு பேரு. யாரு ஓட்டு விழுந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேனோ அந்த நாலு பேரு. மொத நாளே நாலு பேரக் குறிச்சிட்டேன் மனசுல. பெறகு எங்க தெரு ஏகாம்பரம் வாத்தியாரு ஒரு குண்டத் தூக்கிப் போட்டாரு. "பலவேசம், நாலு பேரு வேண்டாம்யா. மூணு பேரு அங்க குத்துனத இங்க குத்தியிருந்தா நீ ஜெயிச்சிருப்ப. ஒருத்தன் மாறுனா அவனுக்கு ஒண்ணு கொறையும், ஒனக்கு ஒண்ணு கூடும்லா"ன்னாரு. நானும் மண்டியில உக்காந்து வாழைக்காய அங்கிட்டும் இங்கிட்டும் மாத்தி வச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு. இப்பம் எனக்கு இன்னொரு சங்கடம். நாலு பேரச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன், அதுல ஒருத்தர விடணும். யார விட? எல்லாருமே செஞ்சிருக்கக் கூடிய ஆளாத்தான் இருக்கு. கடைசியில யாரையும் விடல. வாத்தியாரையும் சேத்துக்கிட்டேன். இம்புட்டுத் தெளிவாக் கணக்குத் தெரிஞ்சு வச்சிருக்கவருக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னு ஒரு கேள்வி வருதுல்லா?

மொதல்ல அந்தோணி. மண்டியில தாரு தூக்குதவன், பதினஞ்சு வருசமா எஞ்சோத்தத் தின்னவன். எலெக்சன் முடிஞ்ச மறுவாரம் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்தான். எங்கிருந்துலே வந்துச்சுன்னேன். மச்சான் எடுத்துக் குடுத்தான்னான். எந்த மச்சான்னேன். அவன் மொறைச்சுப் பாத்துட்டு, தலத்துண்ட ஒதறிப் போட்டுட்டுப் போனவந்தான், இன்னைக்கு வரைக்கும் மண்டிப் பக்கம் வரல. குத்தம் இல்லாதவன்னா நின்னு பதில் சொல்லுவாம்லா?

பெறகு எம்பொண்டாட்டி. அவ பொறந்த ஊரும் கொம்பையா பொண்ணெடுத்த ஊரும் ஒரே ஊரு. சோறு போடும்போது மெதுவாக் கேட்டேன், "நீ எதுலட்டி குத்துன?"ன்னு. கரண்டியக் கீழ வச்சா. "இந்த வீட்டுல நான் வேற எதுல குத்த முடியும்?"னா. இது பதிலா அண்ணாச்சி? ஆமான்னும் இல்ல, இல்லன்னும் இல்ல. அவகிட்ட அதுக்குமேல கேக்கல, சோறு நின்னு போவும்.

எங்க தெருவுல மாடத்தின்னு ஒரு கெழவி. வாயி சும்மா இருக்காது. ஒரு நாளு வழிமறிச்சு நிக்கா. "ஏ பலவேசம், நாங்கள்லாம் ஒனக்குத்தானய்யா குத்துனோம், எப்படித் தோத்த?"ங்கா. சரின்னு நான் நடக்கேன், பின்னாலயே வாரா. "அந்தக் கடுதாசியில கடைசியில தலையச் சீவுத சீப்பு ஒண்ணு கெடந்துச்சே, அது எந்தப் பாவிக்குய்யா? பாவம், அவனுக்கு எங்க தெருவுல ஒரு குத்துகூட விழுந்திருக்காது"ங்கா. நடுரோட்டுல வச்சு! எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தா எஞ்சின்னத்த எங்கிட்டயே யாருக்குன்னு கேப்பா? எந் தலையப் பாத்துக்கிட்டே கேக்கா. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு வந்துட்டேன். வயசானவளாச்சேன்னு விட்டேன்.

இதெல்லாம்கூடத் தாங்கிக்கிட்டேன் அண்ணாச்சி. எங்கக்கா இருக்கால்லா, சொர்ணம், அவ செஞ்சதத்தான் தாங்க முடியல.

எங்கம்மா சின்னதுலயே போயிட்டா. அக்காதான் எனக்கு எல்லாம். வயசு பெரிய வித்தியாசம் இல்ல, ஏழோ எட்டோ இருக்கும். ஆனா இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுத்தான் அலைவாளாம். அவள வேற ஊர்ல கட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அழுது சாதிச்சு, பக்கத்து வீட்டுலயே மாப்பிள்ள பாக்க வச்சவன் நான். அவ வீட்டுல மீன் கொழம்பு வச்சா மொதக் கரண்டி எனக்குத்தான் வரும், அத்தானுக்கு ரெண்டாவதுதான். நான் கெணத்துல குதின்னா, எந்தக் கெணறுன்னு கேட்டுட்டுக் குதிப்பா. அப்படிப்பட்டவ.

ஓட்டு எண்ணி வந்த அன்னைக்கு வீடே அழுவுது. அவ மட்டும் அழல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு, "எல்லாரும் சொன்னபடிதானலே குத்துனோம், எப்படிலே தோக்க முடியும்?"னு திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருந்தா. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தோணல. ஆனா பெறகு யோசிச்சுப் பாத்தேன், அழுவ வேண்டியவ ஏன் கேள்வி கேட்டா? ஒரு வாரம் கழிச்சு கொம்பையா பிரசிடெண்டா தெருவுக்குள்ள வாரான். எல்லார் வீட்டத் தாண்டியும் போறவன், இவ வாசல்ல நின்னு, "அக்கா, நல்லா இருக்கியளா? தண்ணி ஒழுங்கா வருதா?"ங்கான். இவ வருதுய்யாங்கா. யோசிச்சுப் பாருங்க. அவனுக்கு எதுக்கு இவமேல கரிசனம்?

அதுக்குமேல எனக்கு இருக்க முடியல. ஒரு செவ்வாக்கெழம அம்மங்கோயிலுக்கு வான்னேன். வந்தா. நடையில நின்னு கற்பூரத்த ஏத்தச் சொன்னேன். "நீ எனக்குத்தான் போட்டன்னா இத உள்ளங்கையால அணச்சு சத்தியம் பண்ணு"ன்னேன். அவ என்னையப் பாத்த பார்வை இருக்கே... சரி, அது எதுக்கு. "இதுக்கா தம்பி கூட்டியாந்த?"ன்னா. பெறகு கைய வச்சா. தொட்டுட்டு எடுக்கணும்ங்கது கெடையாது, நல்லா வச்சு அழுத்துனா. "ஒனக்குப் போடாம நான் எவனுக்குலே போடுவேன்? நீ சொன்ன அந்தச் சீப்பு மேலதாம்லே குத்துனேன், அம்மன் சாட்சி"ன்னா.

வேற ஒருத்தன்னா அதோட விட்டிருப்பான். நான் விடல. பஞ்சாயத்துப் பேசிப் பேசித் தேஞ்சவன்லா. சாதாரணமாக் கேக்க மாதிரி, "சரிக்கா, அந்தச் சீப்பு கடுதாசியில எத்தனாவது இருந்துச்சு?"ன்னேன். அவ கொஞ்சம்கூட யோசிக்கல. "மொதல்லயே இருந்துச்சே"ன்னா.

மாட்டிக்கிட்டா பாத்தியளா! மொதல்ல இருந்தது கொம்பையா. கானா வரிசை முன்ன வரும், பானா கடைசி. எஞ்சீப்பு கடைசியில கெடக்கு. எழுதப் படிக்கத் தெரியாட்டாலும் மேல எது கீழ எதுன்னு தெரியும்லா? அம்மன் நடையில நின்னு, கையச் சுட்டுக்கிட்டு, கூடப் பொறந்தவங்கிட்டப் பொய். "இனி எனக்கு அக்கா கெடையாது"ன்னு மட்டும் சொல்லிட்டு எறங்கி வந்துட்டேன். பின்னால இருந்து, "எலே, மேலதாம்லே இருந்துச்சு, நல்லாப் பாத்துத்தாம்லே குத்துனேன்"னு கத்துதா. அவளுக்கு இன்னும் வெளங்கல, எங்க மாட்டுனோம்னு.

பெறகு உள்ளங்கை கொப்புளிச்சு, பொம்பள ரொம்ப நாளா எடது கையாலதான் சோறு பொங்குனாளாம். எம்பொண்டாட்டி வந்து சொன்னா. பொய்ச் சத்தியம் பண்ணுனா அம்மன் சும்மா விடுவாளான்னேன். எம்பொண்டாட்டி அன்னைக்கு எனக்குச் சோறு எடுத்து வைக்கல.

அக்கா மகளுக்கு மாப்பிள்ள அமைஞ்சுது. நான் இல்லாம அமைஞ்சுது. வெத்தல பாக்கு வச்சு அழைக்க வந்தா. வாசல்ல நின்னா, நான் உள்ள இருந்துக்கிட்டு இல்லன்னு சொல்லச் சொன்னேன். மறுபடி வந்தா. நான் மண்டிக்குப் போயிட்டேன். மூணாவது தடவ தட்ட வாசப்படியில வச்சுட்டு, "எலே, புள்ளைய ஒங்கையாலதான் தாரை வார்க்கணும். அப்பன் இல்லாத புள்ள. என்னைய என்ன வேணாலும் செய்யி, அவள விட்டுராத"ன்னு சுவத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போனா. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்.

நான் போயிரலாம்னுதான் அண்ணாச்சி இருந்தேன். நெசமாச் சொல்லுதேன். நேத்து ராத்திரி மனசு எளகிட்டு. அவனுக்கு ஓட்டுப் போட்டா போட்டுட்டுப் போறா, நம்ம புள்ளதானேன்னு. காலைல குளிச்சு வேட்டி கெட்டி, துண்டு போட்டு, வீட்டுல எல்லாரையும் முன்னால போகச் சொல்லிட்டு, நான் பின்னால நடந்து வாரேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட வரும்போது மண்டபத்து மைக்செட்டு கேக்குது. "மணமகளின் தந்தை ஸ்தானத்தில் இருந்து நடத்தி வைப்பவர் நமது ஊராட்சித் தலைவர்"னு சொல்லுதான். கொம்பையா! எம் எடத்துல கொம்பையா!

இதுக்குமேல என்ன அண்ணாச்சி அத்தாட்சி வேணும்? ஊருல வேற ஆம்பளையே இல்லையா? நான் வரமாட்டேன்னு நெனச்சு, போனாப் போவுதுன்னு ஊருப் பெரிய மனுசனக் கூப்புட்டிருப்பாங்கியளா? அதெல்லாம் வெளிய சொல்லுத கத. உள்ள வேற. ஓட்டுக்குக் கைம்மாறு அது. அந்தாக்குல எதுக்க வந்த பஸ்ஸுல ஏறிட்டேன். அது தெக்க போற பஸ்ஸு. இப்பம் சொல்லுங்க, நான் செஞ்சதுல என்ன தப்பு?



கேளுங்க, என்ன கேக்கணும்? பழக்கூடைச் சின்னத்துல என்ன பழம் போட்டிருந்தாவன்னா? அது எதுக்கு இப்பம்? எல்லாப் பழமும்தான். நடுவுல ஒரு அன்னாசி, ரெண்டு மூணு உருண்டையா, ஆப்பிளோ ஆரஞ்சோ. முன்னால பெருசா வாழப்பழம், ஒரு சீப்பு, கூடைக்கு வெளிய தொங்குத மாதிரி...

என்ன சொன்னிய? பஸ் சத்தத்துல சரியாக் கேக்கல. மறுபடி சொல்லுங்க.

இல்ல. இல்ல அண்ணாச்சி. நீங்க வெளியூரு, ஒங்களுக்குத் தெரியாது. எங்கக்கா அம்புட்டுக் கூறு கெட்டவ இல்ல. தலையச் சீவுத சீப்பு எது, வாழப்பழச் சீப்பு எதுன்னு தெரியாதவளா? தெனமும் தலை சீவுதவதான அவளும்? நான் குடுத்தேன், சரி. இதத் தேடிக் கண்டுபுடிச்சு இது மேலயே குத்துன்னு நான்தான் சொன்னேன், சரி. நான் சொன்னா அப்படியேவா ஒருத்தி செய்வா?

செய்வா. நான் சொன்னா அவ செய்வா. அதுதான் அவகிட்ட உள்ள கொணம்.

இல்ல, இது சரிப்படாது. நீங்க சொல்லுதது நெசம்னா அந்தத் தெருவுல ஒருத்திகூட எனக்குத் துரோகம் பண்ணல. மாடத்தி என்னையக் கேலி பண்ணல. அந்தோணி சட்டை அவன் மச்சான் எடுத்துக் குடுத்ததுதான். கொம்பையா ஒருத்தரையும் வாங்கல, நான் தூக்கிக் குடுத்தத வாங்கிக்கிட்டான், அம்புட்டுத்தான். அக்கா கோயில்ல பண்ணுன சத்தியம் நெசம். அது நெசம்னா, அண்ணாச்சி, நான் இந்நேரம் இந்த பஸ்ஸுலயா இருக்கணும்?

மணி என்ன ஆச்சு? வேண்டாம், சொல்லாதிய. முகூர்த்தம் தாண்டியிருக்கும். சொம்புத் தண்ணிய அந்தப் பய ஊத்தியிருப்பான். புள்ள கை அவன் கையில இருந்திருக்கும். அக்கா ஒரு தூணு பக்கத்துல நின்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்திருப்பா.

எங்க எந்திரிக்கிய? இருங்க. ஒங்க ஸ்டாப்பா? எறங்கலாம், ஒரு நிமிசம். கண்டக்டர், கொஞ்சம் பொறுங்க, இவரு எறங்குவாரு.

அண்ணாச்சி, நீங்க கொம்பையா ஆளுதானே? எம் பின்னாலயே ஒங்கள ஏத்தி விட்டிருக்கான், அப்படித்தானே? இந்தச் சீப்புக் கதையெல்லாம் அவன் சொல்லிக் குடுத்ததுதானே? நான் கோவப்பட மாட்டேன். சத்தம் போட மாட்டேன். ஆமான்னு ஒத்த வார்த்த சொல்லிட்டு எறங்கிப் போயிருங்க. ஒத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன், ஒத்துக்கிடுங்க.